தவறணையும் பொதுநலமும்

மதுக்கடைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரி பொதுநலத்தைச் சீர்தூக்கிப் பார்த்தே வழங்கவேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் ஏதோ ஒரு வடிவிற் கூறுகின்றன. கேட்பதற்கு நல்ல விதிதான். ஆயினும், இரண்டு கேள்விகளைக் கேட்காமல் அதை அப்படியே நம்பிவிட நம்மால் முடியவில்லை. 'பொது' என்ற சொல்லுக்குள் அடங்குவோர் எவர்? தராசைப் பிடித்திருப்பவருக்கு எடைபோடப்படும் பண்டத்திலே பங்கு உண்டா? இலங்கையில் இவ்விரு கேள்விகளும் நூறாண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப எழுந்துள்ளன. அவற்றுக்குக் கிடைத்த விடைகளைப் பார்த்தால், தவறணையின் சரித்திரம் நமது அரசிறையின் சரித்திரமாகவும், ஓரளவுக்கு நமது முதலாளி வர்க்கத்தின் சரித்திரமாகவும் இருப்பதைக் காண்கிறோம்.

ஒரே ஆட்சியின் இரு முகங்களை முதலிற் பார்ப்போம்.

1891 ஆம் ஆண்டு இலண்டனிலே, பிரபுக்கள் சபை தனது நீதிமன்றக் கடமையில் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஷார்ப் எதிர் வேக்ஃபீல்ட் என்பது அதன் பெயர். வடஇங்கிலாந்தின் மலைப்புறத்தில், கென்ற்மியர் என்ற ஒதுக்கிடத்தில் இருந்த ஒரு சத்திரத்துக்கு மதுவிற்கும் அனுமதியைப் புதுப்பிக்க உள்ளூர் நீதவான்கள் மறுத்திருந்தனர். கடை பொலிசாரின் கண்காணிப்புக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்து மக்களுக்கு அப்படியொரு கடை தேவையுமில்லை. இவையே அவர்கள் காட்டிய காரணங்கள். உரிமையாளர் குற்றமொன்றும் புரியவில்லையே, பழைய அனுமதியை எப்படி மறுக்கலாம் என்று வாதிடப்பட்டது. நீதவான்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றே சபை தீர்த்தது. அந்த அதிகாரத்தைச் சொந்த விருப்பு வெறுப்பின்படி செலுத்தலாகாது, நியாயத்தின் வரம்புக்குள் நின்றே செலுத்த வேண்டும் என்றும் ஹால்ஸ்பரி பிரபு விளக்கினார். அனுமதிப்பத்திரம் ஒருவருடைய சொத்தன்று, ஊரின் தேவையைப் பொறுத்து ஆண்டுக்கொருமுறை கேட்டுப் பெறவேண்டிய சலுகை என்பது இதனால் உறுதிப்பட்டது.

இத்தீர்ப்பு வானத்திலிருந்து வந்து விழவில்லை. இரு நீதவான்களின் அனுமதியின்றி எவரும் மதுச்சாலை நடத்தலாகாது என்று 1552 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திற் சட்டம் செய்யப்பட்டது. 1830 ஆம் ஆண்டில், தடையற்ற வியாபாரத்தின்மீது கொண்ட காதலினால் அக்கட்டைத் தளர்த்திப் பார்த்தார்கள். வரிசெலுத்தும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி கொடுத்தால் பியர் விற்கலாம் என்றாயிற்று. பியர் மலிந்தால் ஜின் ஒழியும், பெரிய வடிப்போரின் ஏகபோகமும் உடையும் என்பது கணக்கு. ஓராண்டு முடியுமுன்பே ஏறத்தாழ 24,000 புதிய கடைகள் முளைத்தன. எட்டாண்டுகளில் அவை 46,000 ஆகப் பெருகின. ஜின் ஒழியவில்லை. 1869 இல் அதிகாரத்தை மறுபடியும் நீதவான்களிடமே ஒப்படைத்தார்கள். அந்த நீதவான்கள் நிலப்பிரபுக்களும் அவர்களுடைய உறவினரும் என்பதை நாம் மறக்கவில்லை. ஏழையின் குடியைத்தான் அவர்கள் எடைபோட்டார்கள். தமது வீட்டுத் திராட்சமதுவை எவரும் எடைபோடவில்லை. எனினும், கடையை மறுப்பதால் அவர்களுடைய வருமானத்தில் ஒரு சல்லியும் குறையாது. இந்த ஒன்றை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில், அதே முடியின்கீழ் இருந்த இலங்கையில் என்ன நடந்தது?

தவறணை என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. கள்ளும் சாராயமும் அவர்களுக்கு முன்பே இருந்தன. ஆனால் அந்தக் குடியை ஒழுங்கான அரசிறையாக்கும் ஏற்பாட்டை ஒல்லாந்தர் வளர்த்தனர். ஆங்கிலேயர் அதை நாடு முழுவதற்கும் விரித்தனர். முறை மிக எளியது. ஒரு பகுதியிலே சாராயம் விற்கும் தனியுரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏலத்தில் விடுவார்கள். மிகக்கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அவர் அதைத் துண்டுதுண்டாகச் சிறு குத்தகைக்காரருக்குக் கொடுப்பார். அவர்கள் தவறணைகளை நடத்துவார்கள். அரசாங்கத்துக்குப் பணம் முன்கூட்டியே நிச்சயமாகிவிடும். வசூலிக்க உத்தியோகத்தர் வேண்டியதில்லை. குத்தகைக்காரருக்கோ, தாம் கேட்ட தொகைக்கு மேலே விற்கும் ஒவ்வொரு போத்தலும் இலாபம். ஆகவே ஏலத்தொகை ஏறஏற மக்களைக் குடிக்கவைக்கும் அவசியமும் ஏறியது. கென்ற்மியர் மலைப்புறத்திற் கேட்கப்பட்ட 'இவ்வூருக்குக் கடை வேண்டுமா?' என்ற கேள்விக்கு நமது கச்சேரியிலே இடமிருக்கவில்லை. 'யார் கூடக் கேட்கிறீர்?' என்பதே அங்கு ஒலித்த கேள்வி.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியாக வேர்கொண்டிருந்தது என்பதை மற்ற வரிகளின் கதையோடு ஒப்பிட்டால் விளங்கும். கோல்புறூக் விசாரணைக்குப் பின்னர் 1833 இல் கறுவா ஏகபோகம் நீக்கப்பட்டது. இராஜகாரியம் ஒழிந்தது. உழவனை வாட்டிய தானியவரி 1892 இல் அகன்றது. சாராயக் குத்தகையோ இவ்வளவையும் தாண்டி இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நடந்து வந்தது. தாராளவாதம் பேசிய ஆட்சியாளருக்கு எல்லா ஏகபோகங்களும் கசந்தன, இது ஒன்றைத் தவிர.

கசக்காதவர்கள் நமது நாட்டவரிலும் இருந்தனர். கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டைப் பிடித்துக்கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலே, பெருந்தோட்டம் ஐரோப்பியர் கையில் இருந்தது. ஏற்றுமதி வாணிபமும் வங்கியும் அவர்கள் கையிலேயே இருந்தன. இலங்கையர் ஒருவர் பெரும் மூலதனம் திரட்டுவதற்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச்சில. அவற்றுட் பெரியது சாராயக் குத்தகை. மொரட்டுவையின் ஜெரோனிஸ் டி சொய்சா கண்டிப் பகுதிக் குத்தகைகளிற் பொருளீட்டினார். அங்குராங்கெத்தையிலே அரச நந்தவனமாயிருந்த நிலத்தை 1837 இல் வாங்கிக் கோப்பி பயிரிட்டார். அவருடைய மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா 1870 இல் எடின்பரோக் கோமகனுக்குக் கொழும்பில் அளித்த விருந்து இன்றுவரை பேசப்படுகிறது. இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்க மூலதனத்திற் சாராயக் குத்தகைக்குரிய பங்கைக் குமாரி ஜயவர்த்தன தமது 2000 ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் இக்குடும்பங்களின் கொடையால் எழுந்தன என்பதும் மெய்யே. கொடை எங்கிருந்து வந்தது என்று கேட்பது நன்றிகெட்ட செயலாகாது.

அது பெரும்பகுதி கூலியிலிருந்து வந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் மாத்தளைக்கு ஏறிய தொழிலாளிக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. மாதக்கணக்கிற் பாக்கியாய் நின்றது. பாக்கி தீரும் நாளில் அதை எதிர்கொள்ளக் கடைவீதியிலே தவறணை காத்திருந்தது. குளிர், ஓய்வற்ற வேலை, கங்காணியின் கடன் ஆகியவற்றுக்கு இடையே அவன் ஏன் குடித்தான் என்பதைப் பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. துரைக்கு இதில் இரு மனம். மறுநாட் காலையில் ஆள் வேலைக்கு வராதது அவருக்கு நட்டம். ஆள் கையிற் காசு மிஞ்சாமல் அடுத்த மாதமும் தோட்டத்திலேயே கிடப்பது இலாபம்.

எதிர்ப்பு எழாமலில்லை. 1904 ஆம் ஆண்டில் மேல் மாகாணத்திலும் சப்பிரகமுவவிலும் சிங்களக் கிராம மக்கள் கூட்டங்கூடி மதுவை விடுவதாகச் சத்தியம் செய்தனர். தவறணைகளில் வியாபாரம் விழுந்தது, அரசாங்கம் விழித்துக்கொண்டது. தலைமைக்காரர்கள் அவ்வியக்கத்தில் ஈடுபடலாகாது என்று தேசாதிபதி பிளேக்கின் நிருவாகம் கட்டளையிட்டது. குடியாதே என்று ஊரவருக்குச் சொல்வது அரச உத்தியோகத்துக்கு ஒவ்வாத செயலாகிவிட்டது! வரவுசெலவுக் கணக்கின் நலத்தைப் பொதுநலம் என்று கொண்டால் இதில் வியப்பில்லை.

பின்னர் வந்தது 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். பழைய குத்தகை முறையை முடிவுக்குக் கொண்டுவரும் சீர்திருத்தமாக அது வந்தது. சாராயத்தையும் கள்ளையும் பிரித்து, கள்ளுக்குத் தனித் தவறணைகள் ஏற்படுத்தப்பட்டன. அரசாங்கத்தரப்பு நியாயத்தைச் சரியாகச் சொல்லிவிடுவது முறை. கள்ளு சாராயத்திலும் மென்மையானது. களவிற் கள்ளு விற்கும் இடங்கள் கணக்கற்றுப் பெருகியுள்ளன. அவற்றைக் கண்காணிப்புக்குட் கொண்டுவந்தால் குடி குறையுமேயன்றிக் கூடாது. இவ்வாறு அவர்கள் வாதிட்டனர். வாதம் முட்டாள்தனமானதன்று. ஆனால் மக்கள் கண்டது என்ன? ஒரே வீச்சில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளுத் தவறணைகள் நாட்டிலே தோன்றின. நேற்றுவரை தவறணையே இல்லாதிருந்த கிராமத்திலும் அரச முத்திரையோடு ஒன்று வந்து நின்றது. கிராமத்தவரை எவரும் கேட்கவில்லை.

மதுவொழிப்பு இயக்கம் மீண்டும் மூண்டது. முன்னையிலும் பெரிதாக மூண்டது. அநகாரிக தர்மபால ஒருபுறம் எழுதினார், எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோர் மறுபுறம் சங்கங்களை அமைத்தனர். கிராமந்தோறும் கூடிப் பேசவும், நிதி திரட்டவும், அரசாங்கத்தின் ஒரு கொள்கையை ஒன்றுபட்டு எதிர்க்கவும் மக்கள் பழகியது இங்கேதான். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆட்சியாளர் இவ்வியக்கத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது தற்செயலன்று. கலவரமோ முஸ்லிம் மக்களுக்கு எதிராக நடந்த கொடுமை. அதில் இராச்சியத்துக்கு எதிரான சதியைத் தேடிய அதிகாரிகள் மதுவொழிப்புச் சங்கங்களையே சந்தேகித்தனர். இவ்வியக்கத்தின் மொழியில் அந்நிய சமயத்தார்மீதும் அந்நிய வியாபாரிமீதும் காய்ச்சல் கலந்திருந்தது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. குடியைப் பற்றிய மெய்யான கவலையையும் இனவாதக் காய்ச்சலையும் பிரித்தறிவது அக்காலத்திற் பலருக்கு இயலவில்லை.

இவ்வளவு போராட்டத்தின் விளைவாகக் கிடைத்த ஒரு பயன் நமது கவனத்துக்கு உரியது. உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தமது பகுதித் தவறணையை மூடலாம் என்ற முறை ஏற்பட்டது. தொடக்கத்தில் வெறும் பெரும்பான்மை போதாது, அதற்கும் மிகுதியான விகிதம் வேண்டும் என்று விதி கடுமையாக இருந்தது. அப்படியிருந்தும் 1920 களிலே பல பகுதிகளில் மக்கள் வென்றனர், தவறணைகள் மூடப்பட்டன. சர்வசன வாக்குரிமை 1931 இலேதான் வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மை ஆளும் சபைக்கு அங்கத்தவரைத் தெரிவுசெய்யும் உரிமை பெரும்பாலோருக்கு இல்லாத காலத்திலே, சந்தியிலுள்ள தவறணை நிற்பதா போவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. இன்றைய மாணவருள் இதை அறிந்தோர் மிகச்சிலர். பாடநூல்கள் தலைவர்களின் படங்களைப் போடுகின்றன. இந்த வாக்கெடுப்புகளுக்கு ஒரு பந்தி கொடுப்பதற்கும் அவற்றுக்கு மனமில்லை.

ஆனால் இவ்வியக்கத் தலைவர்கள் கேட்காத ஒரு கேள்வி உண்டு. தவறணை மூடினால் அரசுக்கு ஏற்படும் இழப்பை எவர் ஈடுசெய்வது? இலங்கையில் வருமானவரி 1932 இலேதான் வந்தது. அதுவரை, தோட்டச் சொந்தக்காரரும் காரீயச் சுரங்கக்காரரும் கொழும்பின் பெருவணிகரும் தமது வருமானத்தின்மீது வரி என்று ஒன்றைச் செலுத்தவில்லை. உப்பிலும், சுங்கத்திலும், சாராயத்திலும் இருந்து, அதாவது பெரும்பாலும் ஏழையின் நுகர்விலிருந்து, நாட்டின் செலவு நடந்தது. ஏழை குடிக்கலாகாது என்று மேடையில் முழங்கிய கனவான்களுட் பலர், அவன் குடியிலிருந்து வந்த தொகையைத் தம் வருமானத்திலிருந்து தரும்படி அரசாங்கம் கேட்டிருந்தால் மேடையைவிட்டு இறங்கியிருப்பர். எந்த அதிகாரியின் தராசும் அக்காலத்தில் நேராக நின்றிருக்க முடியாது. திறைசேரி ஒரு தட்டைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே முடிச்சு இருந்தது. அங்கே அவிழ்க்க முயன்ற விதமும் பாடம் தருவதே. சென்னை மாகாணத்தில் இராஜகோபாலாச்சாரியாரின் அமைச்சு 1937 ஒக்டோபர் முதலாந் திகதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழக்கும் வருமானத்துக்கு ஈடாக 1939 இல் விற்பனைவரி கொண்டுவரப்பட்டது. முதலாளியின் வருமானத்தைத் தொடாமல், கடையில் அரிசி பருப்பு வாங்கும் எல்லாரிடமிருந்தும் அந்த ஈடு எடுக்கப்பட்டது. 1971 இல் மதுவிலக்கு தளர்ந்தது. பின்னர் வந்தும் போயும் இருந்தது. 2003 இலிருந்து சில்லறை விற்பனையையே அரசின் நிறுவனம் ஏற்று நடத்துகிறது. அதிலிருந்து அண்மை ஆண்டுகளில் தமிழக அரசுக்கு நாற்பதாயிரம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல் வருகிறது. மதுவுக்கு ஈடாக வந்த விற்பனைவரியோ மதுவிலக்கோடு போய்விடவில்லை. பெயர் மாறி இன்றும் இருக்கிறது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 'பொது' என்ற சொல்லின் இன்னொரு ஓட்டை இங்கேதான் வெளிச்சமாகத் தெரிகிறது. குடாநாட்டிலும் மதுவொழிப்பு வலுவாக இருந்தது. கல்லூரி ஆசிரியரும் மாணவரும் சைவப் பெரியாரும் கிறிஸ்தவப் போதகரும் அதில் ஒன்றுசேர்ந்தனர். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் மதுவைப் பற்றிப் பேசினார். தவறணை மூடுவது ஊரின் நலம் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. பனையிலேறிப் பாளை சீவி முட்டி கட்டுகிறவனோ அந்த ஊரின் குடிமகனாகக் கணிக்கப்படவில்லை. அவன் கோயிலுக்குள் நுழைய முடியாது. கிணற்றில் அள்ள முடியாது. அவன் பிள்ளை வகுப்பில் வாங்கில் இருக்க முடியாது. ஊரைவிட்டு விலக்கப்பட்டவனின் பிழைப்பை, ஊரின் நலத்தின் பேரால் நிறுத்துவது சுலபம். வாலிபர் காங்கிரஸ்காரர் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒரே மேடையிற் பேசியதை நாம் பெருமையோடு குறிப்பிடுகிறோம். ஆனால் முதலாவதற்குத் தலையசைத்தவர் எல்லாரும் இரண்டாவதற்குத் தலையசைக்கவில்லை.

பனை தரும் சாறு ஒன்றே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் அது புளியாமல் கருப்பநீராக இறங்கும், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் விட்டால் கள்ளு. எதை இறக்குவது என்பதைச் சீவல் தொழிலாளியின் ஒழுக்கம் தீர்மானிப்பதில்லை. எதற்கு விலை கிடைக்கிறது, காய்ச்ச விறகு உண்டா, வாங்க ஆள் உண்டா என்பவை தீர்மானிக்கின்றன. குடாநாட்டில் நடைமுறைக்கு வந்த மரவரி முறையின்படி, மரத்துக்கு இவ்வளவு என்று வரிகட்டி, இறக்கிய கள்ளை மரத்தடியில் விற்கலாம். தவறணை மறைந்தது, கள்ளும் வரியும் மறையவில்லை. பனை பெரும்பாலும் வேளாண் சொந்தக்காரருடையது. அவருக்கும் பங்கு கொடுத்து, வரியும் கட்டி, கால் தவறினால் உயிரையும் கொடுக்க வேண்டியவன் தொழிலாளியே.

1970 களின் தொடக்கத்தில் மரவரி போய், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. தொழிலாளர் தமது கள்ளைச் சங்கத்துக்குக் கொடுத்தனர். சங்கம் தனது தவறணைகளில் விற்றது. உபரியிலிருந்து தொழிலாளர் நலன்களுக்கு நிதி ஒதுக்கியது. அனுமதிப்பத்திரம் முதன்முறையாக உற்பத்தி செய்பவனின் கைக்கு வந்தது என்று இதைச் சொல்லலாம். கூட்டுறவுத் தவறணையிற் குடித்தவனுக்கும் வெறிக்கும். அவன் மனைவியும் துன்பப்படுவாள். அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், விற்பனையைப் பெருக்குவதற்கென்றே கொழும்பிலிருந்து இயங்கும் கம்பனி ஒன்று அதன் பின்னால் இல்லை.

விற்பவனின் இலாப ஆசையை அகற்றினால் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்திலும் ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தார்கள். 1891 தீர்ப்பு வடிப்போரைக் கலக்கியது. அவர்கள் போராடி 1904 இல் ஒரு சட்டம் பெற்றனர்: தேவையில்லையென்று மூடப்படும் கடைக்கு, ஏனைய கடைக்காரரிடம் அறவிடும் நிதியிலிருந்து நட்டஈடு. சலுகை மெல்லச் சொத்தாயிற்று. கடைகளில் மூன்றிலொரு பங்கை மூட முனைந்த 1908 ஆம் ஆண்டு மசோதாவைப் பிரபுக்கள் சபையே தள்ளிவிட்டது. நீதிமன்றமாக அமர்ந்து ஒன்றைச் சொன்ன சபை, அரசியற் சபையாக அமர்ந்தபோது வேறொன்றைச் சொன்னது. பின்னர் உலகயுத்தம் வந்தது. கிறெற்னாவில் எழுந்த பெரும் வெடிமருந்துத் தொழிற்சாலையின் தொழிலாளர் அருகிலுள்ள கார்லைல் நகரில் வந்து குடித்தமையால், 1916 இல் அரசாங்கம் அப்பகுதி வடிசாலைகளையும் மதுச்சாலைகளையும் விலைக்கு வாங்கியது. பல கடைகளை மூடியது. எஞ்சியவற்றின் முகாமையாளருக்குச் சம்பளம் உண்டு, பியர் விற்றதற்குத் தரகு இல்லை. உணவு விற்றால் தரகு உண்டு. யுத்தம் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அது நடந்தது. தனியாருக்கு விற்கத் தீர்மானித்தது 1971 ஆம் ஆண்டின் பழமைவாதக் கட்சி அரசாங்கம். 1973 அளவில் எல்லாம் கைமாறின. 2003 ஆம் ஆண்டின் சட்டம் நீதவான்களிடமிருந்த அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைகளுக்கு மாற்றியது. ஆனால் 'ஊருக்குத் தேவையா?' என்ற பழைய கேள்வியைச் சந்தைக்கு விட்டுவிட்டது. ஸ்கொத்லாந்து மட்டும் 2005 இல் தனக்கெனச் செய்த சட்டத்தில் மக்களின் சுகாதாரத்தையும் ஒரு நோக்கமாகச் சேர்த்து, கடைகள் அளவுக்கு மிஞ்சிய பகுதியில் அனுமதி மறுக்க இடம்வைத்தது.

நமது நாட்டிலே 1912 ஆம் ஆண்டின் அதே கட்டளைச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டு, இன்றும் வாழ்கிறது. 2006 இல் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தது, இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு விற்பது தடையாயிற்று, விளம்பரம் கட்டுப்பட்டது. நல்லவையே. ஆனால் அனுமதிப்பத்திரத்தின் திறவுகோல் மதுவரித் திணைக்களத்திடம் இருக்கிறது. அத்திணைக்களம் நிதியமைச்சின் கீழ் இருக்கிறது. ஆண்டுதோறும் அதற்கு வருமான இலக்கு குறிக்கப்படுகிறது. இலக்கைத் தாண்டினால் பாராட்டும் உண்டு. இந்த இடத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரி எவ்வளவு நேர்மையானவராயினும், அவரிடம் பொதுநலத்தை எடைபோடச் சொல்வது, ஏலக்காரரிடம் நீதி கேட்பது போலாகும்.

2024 டிசெம்பரில் அவ்வாண்டு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. முந்நூற்று அறுபதுக்கு மேல். வட மாகாணத்துக்கு 32. அவற்றுட் பாதி, 16, கிளிநொச்சி மாவட்டத்துக்கு. யுத்தம் அழித்து, 2009 இன் பின்னர் மீளக் குடியேறி, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களும் நுண்கடன் சுமையும் நிறைந்த மாவட்டம் அது. தேர்தல் காலத்தில் அரசியற் சலுகையாக இவை வழங்கப்பட்டனவா, பரிந்துரைத்த அரசியல்வாதிகள் எவர் என்ற சர்ச்சை பல வாரம் நடந்தது. தமிழ் மக்களின் பிரதிநிதிகளும் அச்சர்ச்சையில் அகப்பட்டனர். யார் பரிந்துரைத்தார் என்று கேட்பது அவசியந்தான். ஆனால் ஒருவரும் பரிந்துரைக்காமல், விதிப்படி கட்டணம் செலுத்திப் பெறப்பட்டிருந்தால் அந்தப் பதினாறும் சரியாகிவிடுமா? இக்கேள்வியை நமது பத்திரிகைகள் கேட்கவில்லை. கிளிநொச்சியில் ஏற்கெனவே எத்தனை கடைகள் இருந்தன; பாடசாலையும் வைத்தியசாலையும் எவ்வளவு தூரம்; தினக்கூலி எவ்வளவு; கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளு விற்பனைக்கு இதனால் என்ன நேரும்; கிராமத்துப் பெண்கள் என்ன சொல்கிறார்கள்; இவற்றைப் பகிரங்கமாக விசாரித்து, மறுத்ததற்கோ கொடுத்ததற்கோ காரணத்தை எழுத்தில் வைக்கும் ஒரு மன்றம் வேண்டும். வருமானத்தில் பங்கில்லாதோர் அதில் அமரவேண்டும். சீவல் தொழிலாளிக்கும் அதில் ஓர் ஆசனம் வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் தேடி ஸ்கொத்லாந்துக்குப் போகவேண்டியதில்லை. 1920 களின் தவறணை வாக்கெடுப்புகள் நம் ஊர்களில் நடந்தவை. அரசாங்க அதிபர்களின் அக்கால நிருவாக அறிக்கைகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. பழைய பத்திரிகைக் கட்டுகள் நூலகங்களில் இருக்கின்றன. எந்தச் சந்தியில் எந்த ஆண்டு வாக்கெடுத்தார்கள், பட்டியலில் எவர் பெயர் இருந்தது, எவர் பெயர் விடுபட்டது, எத்தனை பேர் எப்பக்கம் நின்றார்கள் என்பதைத் தத்தம் ஊருக்குத் தேடி எழுதும் வேலையைச் சரித்திர ஆசிரியர்களும் அவர்களுடைய உயர்வகுப்பு மாணவரும் எடுத்துக்கொள்ளலாம். முதலிற் கிடைக்கும் இரண்டு மூன்று ஊர்களின் விபரத்தையேனும் இப்பக்கங்களில் வெளியிட விரும்புகிறோம்.